நாலு ‘இல்லை’ சொன்ன ஊர்!
ராயவேலூர்க் கோட்டையும் அதைச் சுற்றிய கதைகளும்

“ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோவில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை.”

வேலூரைப் பற்றி இப்படி ஒரு சொலவடை உண்டு. இதோடு இன்னும் சில ‘இல்லை’களைச் சேர்த்துச் சொல்வோரும் உண்டு. வெளியூர்க்காரர்கள் கேலியாகச் சொல்வார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

ஆனால் இந்தக் கேலிக்குள் நானூறு ஆண்டுச் சரித்திரம் அடங்கிக் கிடக்கிறது. கோட்டை இருந்தும் ராஜா ஏன் இல்லை? கோவில் இருந்தும் சாமி எங்கே போனார்? ஆறு இருந்தும் தண்ணீர் ஏன் ஓடவில்லை? ஒவ்வொரு ‘இல்லை’க்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. அந்த நாலு ‘இல்லை’களில் ஒன்று, 1981-ம் ஆண்டில் ஒரே நாளில் ‘உண்டு’ ஆகிவிட்டது!

சென்னையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது வேலூர். ரயிலில் வருகிறவர்கள் காட்பாடியில் இறங்குவார்கள். அங்கிருந்து பஸ் ஏறி, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஊர் வந்துவிடும். ஊரின் நடுவிலேயே இருக்கிறது கோட்டை. அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

நீர் சூழ்ந்த கோட்டை

வேலூர்க் கோட்டை மலைமேல் கட்டிய கோட்டை அல்ல, சமதரையில் கட்டியது. மலை தருகிற பாதுகாப்பு இதற்கு இல்லை. அதற்குப் பதிலாகத் தண்ணீரைக் காவலுக்கு வைத்தார்கள். கோட்டையைச் சுற்றி அகலமான அகழி. அகழியை ஒட்டித் தாழ்வான ஒரு மதில். அதற்கு உள்ளே உயரமான இன்னொரு மதில். எல்லாம் கருங்கல். பெரிய பெரிய கற்களைச் செதுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். இடையிடையே வட்டமான கொத்தளங்கள். உள்ளே இருக்கும் இடத்தின் பரப்பு 133 ஏக்கர்.

அகழியில் ஒரு காலத்தில் முதலைகளை விட்டு வைத்திருந்தார்கள் என்று சொல்வார்கள். கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரம் வரை சுரங்கப்பாதை போகிறது என்றும் ஒரு பேச்சு உண்டு. அந்தச் சுரங்கத்தை ஆராய்ச்சியாளர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு மட்டும் பாட்டியிடமிருந்து பேரனுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

இந்தக் கோட்டை 16-ம் நூற்றாண்டில் எழுந்தது. அப்போது விஜயநகரப் பேரரசில் சதாசிவராயர் பட்டத்தில் இருந்தார். அவருக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசரான சின்ன பொம்மி நாயக்கர்தான் கோட்டையையும் கோவிலையும் கட்டியவர் என்பது வழக்கு. பொம்மி நாயக்கர் படித்தவர்களை ஆதரித்தவர். சைவப் பேரறிஞரான அப்பய்ய தீட்சிதர் அவருடைய ஆதரவைப் பெற்றவர். தீட்சிதரை உட்காரவைத்து, தலைமேல் பொற்காசுகளைக் கொட்டிக் கனகாபிஷேகம் செய்தார் நாயக்கர் என்று சொல்லப்படுகிறது.

மூட்டைக்குள் போன இளவரசன்

‘ராஜா இல்லாத கோட்டை’ என்று சொல்கிறார்களே, ஒரு காலத்தில் இங்கே ராஜா மட்டுமல்ல, மகாராஜாவே இருந்தார்!

1565-ம் ஆண்டில் தலைக்கோட்டைப் போர் நடந்தது. அதில் விஜயநகரம் தோற்றது, தலைநகரம் பாழாயிற்று. ராயர்கள் தெற்கே நகர்ந்தார்கள். முதலில் பெனுகொண்டா, பிறகு சந்திரகிரி, கடைசியாக வேலூர். வேங்கடபதிராயர் காலத்தில் இந்த ஊர் தலைநகர் ஆனது. ராயர்கள் இருந்த ஊர் என்பதால்தான் ‘ராயவேலூர்’ என்ற பெயர் நிலைத்தது.

1614-ம் ஆண்டில் வேங்கடபதிராயர் இறந்தார். தமக்குப் பிறகு தம்முடைய அண்ணன் மகன் ஸ்ரீரங்கர் ஆளவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ராணியின் பிறந்த வீட்டைச் சேர்ந்த ஜக்கராயனுக்கு அது பிடிக்கவில்லை. அவன் படை திரட்டி, புதிய ராஜாவையும் குடும்பத்தையும் கோட்டைக்குள்ளேயே சிறை வைத்தான்.

ராஜாவுக்கு உண்மையாக இருந்தவர் யாசம நாயக்கர். அவர் ஒரு தந்திரம் செய்தார். அரண்மனைக்கு அழுக்குத் துணி எடுக்க ஒரு சலவைத் தொழிலாளி வந்து போவது வழக்கம். காவலர்கள் அவரைச் சந்தேகிப்பதில்லை. அவர் ஒருநாள் அழுக்கு மூட்டையைச் சுமந்துகொண்டு வெளியே வந்தார். மூட்டைக்குள் துணி மட்டுமா இருந்தது? ஸ்ரீரங்கருடைய மகன் ராமனும் இருந்தான்! பையனுக்கு வயது சுமார் 12.

அதன்பின் நடந்தது பெரும் கொடுமை. ஸ்ரீரங்கரும், கோட்டைக்குள் மிஞ்சியிருந்த அவர் குடும்பத்தாரும் கொல்லப்பட்டார்கள். செய்தி பரவியதும் நாடே இரண்டுபட்டது. யாசம நாயக்கருக்குத் துணையாகத் தஞ்சை ரகுநாத நாயக்கர் வந்தார். கல்லணைக்கு அருகே தோப்பூரில் பெரும் போர் நடந்தது. ஜக்கராயன் களத்தில் மடிந்தான். மூட்டைக்குள் தப்பிய பையன் ராமதேவராயனாக முடிசூடினான்.

இதை அந்தக் காலத்திலேயே பர்ராதாஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் கடிதமாக எழுதி வைத்தார். ஒரு வம்சத்தையே காப்பாற்றிய அந்தத் தொழிலாளியை ஊர் மறக்கலாகாது.

கைமாறிய சாவி

ராயர்களின் பலம் குறைந்தது. கோட்டைச் சாவி கைமாறத் தொடங்கியது. 17-ம் நூற்றாண்டின் நடுவில் பீஜாப்பூர் சுல்தானின் படை கோட்டையைப் பிடித்தது. பிறகு சிவாஜியின் மராட்டியப் படை வந்தது. ஓராண்டுக்கு மேல் முற்றுகை போட்டும் கோட்டை லேசில் பணியவில்லை. 1678-ம் ஆண்டில்தான் மராட்டியர் வசமானது. பின்னர் மொகலாயர், அதன்பின் ஆற்காட்டு நவாபின் உறவினர், கடைசியில் இங்கிலீஷ்காரர்.

1780-ல் மைசூர் ஐதர் அலி பெரும் படையோடு வந்து வளைத்துக்கொண்டார். உள்ளே இருந்த பட்டாளத்துக்கு அரிசி தீர்ந்துகொண்டே வந்தது. அயர் கூட் என்ற தளபதி, 1781-லும் 1782-லும் ஐதரின் படைகளைத் தாண்டி வந்து உணவு சேர்த்தார். கோட்டை விழவில்லை.

அந்த ஐதர் அலியின் பேரப்பிள்ளைகளே பிற்காலத்தில் இதே கோட்டையில் கைதிகளாக இருக்க நேர்ந்தது. காலத்தின் விளையாட்டு இது!

ஒரு தொப்பி மூட்டிய தீ

1799-ம் ஆண்டில் சீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்தில் உயிர் விட்டார். அவருடைய மகன்களையும், பெண்மக்களையும், மற்றக் குடும்பத்தாரையும் இங்கிலீஷ்காரர்கள் வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். அரண்மனையும் கொடுத்தார்கள், வேலையாட்களையும் கொடுத்தார்கள், மானியமும் கொடுத்தார்கள். சுதந்திரத்தை மட்டும் கொடுக்கவில்லை.

கோட்டையில் இங்கிலீஷ் சோல்ஜர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் எல்லாம் நம் நாட்டுச் சிப்பாய்கள். 1805-ம் ஆண்டு நவம்பரில் சென்னைப் படைக்குப் புதிய உத்தரவு வந்தது. இந்துச் சிப்பாய்கள் நெற்றியில் விபூதியோ நாமமோ இட்டுக்கொண்டு அணிவகுப்புக்கு வரக்கூடாது. முஸ்லிம் சிப்பாய்கள் தாடியை எடுத்துவிட வேண்டும். மீசையைக் கத்தரிக்க வேண்டும். தலைப்பாகைக்குப் பதிலாகத் தொப்பி போன்ற ஒன்றை எல்லோரும் அணிய வேண்டும். அந்தத் தலையணியில் தோலால் செய்த சின்னமும் இருந்தது.

சிப்பாய்கள் மனம் கொதித்தார்கள். ‘முதலில் தொப்பி, அடுத்து மதமா?’ என்று பேசிக்கொண்டார்கள். 1806 மே மாதம் சிலர் எதிர்ப்புக் காட்டினார்கள். மேலதிகாரிகள் என்ன குறை என்று கேட்டார்களா? இல்லை. இரண்டு பேருக்கு ஆளுக்கு 900 கசையடி என்று தீர்ப்புச் சொன்னார்கள்!

ஜூலை 9-ம் தேதி கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருவருக்குக் கல்யாணம். கூட்டம் கூடுவதற்கு அது நல்ல சாக்காக இருந்தது. நள்ளிரவு கழிந்தது. ஜூலை 10-ம் தேதி விடிவதற்கு முன்பு துப்பாக்கிகள் முழங்கின. சிப்பாய்கள் காவல் இடங்களைப் பிடித்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த சோல்ஜர்களைச் சுட்டார்கள். சிப்பாய்ப் படைகளின் இங்கிலீஷ் அதிகாரிகள் 14 பேரும், 69-வது ரெஜிமெண்டைச் சேர்ந்த 115 பேரும் மாண்டார்கள். கோட்டைத் தளபதி பான்கோர்ட்டும் உயிரிழந்தார். பொழுது விடிந்தபோது கோட்டையின்மேல் மைசூர்க் கொடி பறந்தது!

பான்கோர்ட்டின் மனைவி தம் பிள்ளைகளோடு ஒளிந்திருந்து உயிர் பிழைத்தார். அன்று பட்ட பாட்டை அவர் எழுதி வைத்தார். கண்ணால் கண்டவர் எழுதிய சாட்சியமாக அது நிலைத்துவிட்டது. யார் பக்கம் நியாயம் இருந்தாலும், குழந்தையை அணைத்துக்கொண்டு நடுங்கிய ஒரு தாயின் பயம் பயம்தானே!

ஆனால் சிப்பாய்களின் வெற்றி அரைநாள்கூட நிலைக்கவில்லை. கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். ஆற்காடு 16 மைல் தூரம். அங்கிருந்து கில்லெஸ்பி என்ற தளபதி குதிரைப் படையோடு பறந்து வந்தார். உள்ளே, சிப்பாய்களில் பலர் கொள்ளையடிப்பதில் இறங்கி, காவலை மறந்துவிட்டார்கள். கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மதில்மேல் ஏறினார். பீரங்கியால் கதவு தகர்க்கப்பட்டது. குதிரைப் படை உள்ளே பாய்ந்தது.

அதன்பிறகு நடந்தது பழிக்குப் பழி. அரண்மனையில் தஞ்சம் புகுந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணை முடிந்து ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். ஐந்து பேரைத் துப்பாக்கியால் சுட்டார்கள். எட்டுப் பேரைத் தூக்கில் போட்டார்கள். ஐந்து பேரை நாடு கடத்தினார்கள்.

திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். தொப்பி உத்தரவும் ரத்தாயிற்று. கவர்னர் பென்டிங்கையும், படைத்தலைவர் கிராடக்கையும் கம்பெனியார் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

வடநாட்டில் சிப்பாய்ப் புரட்சி நடந்தது 1857-ல். வேலூர்ப் புரட்சி அதற்கு 51 ஆண்டுகள் முந்தியது. மக்கான் சந்திப்பில் நிற்கும் நினைவுத் தூண் அதைச் சொல்கிறது. 200 ஆண்டுகள் நிறைந்தபோது, 2006-ம் ஆண்டு ஜூலை 10-ம் தேதி தபால் தலையும் வெளியிடப்பட்டது. கோட்டைக்குச் சற்றுத் தள்ளி, சிறையிருப்பிலேயே கண்மூடிய திப்பு குடும்பத்தாரின் சமாதிகள் இருக்கின்றன.

பாலாற்றங்கரையில் கண்டி ராஜா

கோட்டை காலியாகி வெகுநாள் ஆகவில்லை. கடல் தாண்டி இன்னொரு ராஜா கைதியாக வந்து சேர்ந்தார்.

அவர் ஸ்ரீவிக்கிரமராஜசிங்கர், இலங்கையில் கண்டியை ஆண்ட கடைசி மன்னர். நாயக்கர் வம்சத்தவர். பட்டத்துக்கு வருமுன் அவருடைய பெயர் கண்ணுசாமி. 1815-ம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலீஷ்காரர்கள் அவரைப் பிடித்தார்கள். மறு ஆண்டு கப்பலில் சென்னைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வேலூருக்கு அனுப்பினார்கள்.

அவர் தம் நாட்டை மறுபடி பார்க்கவே இல்லை. 16 ஆண்டுகள் சிறையிருந்து, 1832-ம் ஆண்டு ஜனவரி 30-ம் தேதி வேலூரிலேயே காலமானார். அவருக்கு வயது 52. அவருடைய சிம்மாசனமும் கிரீடமும் இங்கிலாந்துக்குப் போயிருந்தன. 1934-ம் ஆண்டில் அவை இலங்கைக்குத் திரும்பி வந்தன. சிம்மாசனம் ஊர் திரும்பியது, ராஜா திரும்பவில்லை!

கோட்டைக்கு வடக்கே சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்தில், பாலாற்றங்கரையில் அவருடைய சமாதி இருக்கிறது. குடும்பத்தாரின் சமாதிகளும் அருகில் உள்ளன. 1990-ம் ஆண்டில் தமிழக அரசு அங்கே முத்து மண்டபம் அமைத்தது. இலங்கையிலிருந்து வருகிறவர்கள் அதைத் தேடிப் போய்ப் பார்ப்பது வழக்கம்.

இப்போது விளங்குகிறதா, ராஜா இல்லாத கோட்டையின் கதை? பகைவர் உள்ளே வராமல் தடுக்கக் கட்டியது இது. கடைசியில், உள்ளே இருக்கும் ராஜாக்கள் வெளியே போகாமல் தடுக்கவே அதிகம் பயன்பட்டது. ஐதர் மகால், திப்பு மகால், பாதுஷா மகால், பேகம் மகால், கண்டி மகால் என்று ஐந்து மாளிகைகள் உள்ளே இருக்கின்றன. பெயர்கள் எல்லாம் ராஜகம்பீரம்! வாழ்ந்தவர்கள் பட்டதெல்லாம் சிறைவாசம்!

சாமி திரும்பி வந்தார்!

கோட்டைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது ஜலகண்டேசுவரர் கோவில் கோபுரம். ஏழு நிலை, 100 அடிக்கு மேல் உயரம். தண்ணீர் சூழ்ந்த இடத்தில் சிவலிங்கம் கிடைத்ததாகவும், அதனால்தான் சாமிக்கு இந்தப் பெயர் என்றும் தலபுராணம் சொல்கிறது. அம்மனுக்குப் பெயர் அகிலாண்டேசுவரி.

உள்ளே போனதும் இடது பக்கம் கல்யாண மண்டபம். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இங்கே அவசரப்படக் கூடாது. ஒவ்வொரு தூணும் ஒரு கதைப் புத்தகம். யாளிகள் வாயைப் பிளந்து நிற்கின்றன. குதிரைகள் முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்கின்றன. குதிரைமேல் வீரன், கீழே அவனுக்குத் துணைவர்கள். அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் தாமரை. அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். கருங்கல்லை மெழுகாக நினைத்து வேலை செய்திருக்கிறார்கள் சிற்பிகள்!

இந்த மண்டபத்தைப் பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டார்களாம். அதற்கான சாமான்களோடு வந்த கப்பல் மூழ்கிப் போனதாம். ஊரார் சொல்லும் கதை இது. கதை எப்படியோ, மண்டபம் தப்பியது நம் பாக்கியம்.

ஆனால் இவ்வளவு அழகான கோவிலில் நெடுங்காலம் விளக்கு எரியவில்லை. கோட்டை போர்க்களம் ஆனபோது பூஜை நின்றது. மூலவரான லிங்கத்தைப் பாதுகாப்பாக வெளியே கொண்டுபோய்விட்டார்கள். அது பக்கத்தில் உள்ள சத்துவாச்சாரியில், ஜலகண்ட விநாயகர் கோவிலில் இருந்தது. கருவறை வெறும் அறையாயிற்று. இங்கிலீஷ்காரர் காலத்தில் கோவில் ஆயுதக் கிடங்காகக்கூட இருந்தது. பின்னர் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்புக்கு வந்தது. பார்க்கலாம், கும்பிட முடியாது. ‘சாமி இல்லாத கோவில்’ என்ற சொல் இப்படித்தான் பிறந்தது.

தாத்தாவும் பாட்டியும் வெறும் கருவறையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ‘சாமியை எப்போது உள்ளே வைப்பார்கள்?’ என்று ஊர் கேட்டுக்கொண்டே இருந்தது. நினைவுச் சின்னத்தில் புதிதாக வழிபாடு தொடங்கக்கூடாது என்பது இலாகாவின் கட்டுப்பாடு.

1981-ம் ஆண்டு மார்ச் 16-ம் தேதி. சத்துவாச்சாரியிலிருந்து மூடப்பட்ட லாரி ஒன்று புறப்பட்டுக் கோட்டைக்குள் வந்தது. அதற்குள் லிங்கம் இருந்தது! நெடுங்காலம் காலியாகக் கிடந்த கருவறையில் லிங்கம் வைக்கப்பட்டது. செய்தி காட்டுத்தீபோல் பரவியது. மறு ஆண்டு கும்பாபிஷேகமும் நடந்தது. இலாகா ஆட்சேபம் சொன்னது. ஆனாலும் பூஜை தொடர்ந்தது. இன்று அங்கே தினமும் மணி ஒலிக்கிறது, தீபம் எரிகிறது. சிவராத்திரிக்குக் கூட்டம் நெரிகிறது.

நாலு ‘இல்லை’களில் ஒன்று இப்படித்தான் அழிந்தது.

கோவிலோடு கோட்டை முடிந்துவிடவில்லை. நவாபு காலத்துப் பள்ளிவாசல் ஒன்று உள்ளே இருக்கிறது. அதில் தொழுகை நடப்பதில்லை, நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. 1846-ம் ஆண்டில் கட்டிய செயிண்ட் ஜான்ஸ் மாதா கோவிலும் இருக்கிறது. ஒரே மதிலுக்குள் மூன்று மதத்தின் கட்டடங்கள்! அரசு அருங்காட்சியகமும் கோட்டைக்குள்ளேயே உள்ளது.

ஊருக்குள்ளே ஒரு சுற்று

கோட்டையை விட்டு வெளியே வந்தால், லாங்கு பஜாரில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. கடைக்குப் போகிறவர்கள் மணி பார்ப்பார்கள். அதில் உள்ள கல்வெட்டைப் படிக்க மாட்டார்கள். முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள் என்றும், அவர்களில் 14 பேர் உயிரிழந்தார்கள் என்றும் அந்தக் கல் சொல்கிறது. 14 வீடுகளில் எழுந்த அழுகை, ஒரு வரிக் கல்வெட்டாகிவிட்டது.

சற்றுத் தூரத்தில் உலகம் அறிந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அதைத் தொடங்கியவர் ஐடா ஸ்கடர் அம்மையார். 1870-ல் பக்கத்து ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய இளவயதில், ஒரே இரவில் மூன்று வீட்டார் அவரைத் தேடி வந்தார்கள். மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை. ஆண் டாக்டரான அவருடைய தகப்பனாரை அழைத்துப் போக அவர்கள் சம்மதிக்கவில்லை. டாக்டருக்குப் படிக்காத இளம்பெண் ஐடாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்று தாய்மாரும் இறந்தார்கள். அந்தத் துயரமே ஐடாவை டாக்டருக்குப் படிக்க வைத்தது. 1900-ம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையோடு வேலூரில் வைத்தியம் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி வைத்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தும் வேலையை, 1948-ல் டாக்டர் பால் பிராண்ட் இங்கேதான் செய்து காட்டினார்.

தொரப்பாடியில் மத்திய சிறைச்சாலை. ராஜாக்கள் கோட்டையில் சிறையிருந்தார்கள் என்றால், மக்கள் தலைவர்கள் இங்கே சிறையிருந்தார்கள். 1921, 22-ல் ராஜாஜி இங்கே இருந்து நாட்குறிப்பு எழுதினார். காமராஜர் இங்கே கைதியாக இருந்தபோதுதான், 1941-ல் விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி ஊர் போனதும் அந்தப் பதவியை ராஜினாமா செய்துவிட்டார்!

மீதி இரண்டு ‘இல்லை’கள்

ராஜா இல்லாததால் நஷ்டம் இல்லை. இது மக்கள் ஆட்சிக் காலம். சாமியும் திரும்பிவிட்டார். ஆனால் ஆற்றுக்குத் தண்ணீர்?

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வது பேச்சுக்குத்தான். ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். மேலே மூன்று மாநிலங்களிலும் ஏரிகளும் அணைகளும் நீரைத் தடுத்துக்கொள்கின்றன. கீழே மணலை அள்ளிவிட்டார்கள். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு, ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது. அதை எதிர்த்து வேலூர் மக்கள் நலச் சங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ம் தேதி கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ‘அசுத்தம் செய்தவனே நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும், சுத்தம் செய்யும் செலவையும் ஏற்க வேண்டும்’ என்பது அதன் சாரம். இந்தியா முழுவதும் சுற்றுப்புறச் சூழல் வழக்குகளில் இன்றும் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள். இந்த ஊர்க்காரர்கள் போட்ட வழக்கு நாட்டுக்கே சட்டம் சொன்னது!

2021-ம் ஆண்டு நவம்பரில் பெருமழை. பாலாறு இரு கரையும் தொட்டுப் பாய்ந்தது. ஜனங்கள் பாலத்தின்மேல் கூட்டம் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம். ஆற்றில் தண்ணீரை அவர்கள் எங்கே பார்த்தார்கள்!

மழைக்காகக் காத்திருக்காமல் வேலை செய்தவர்களும் உண்டு. பாலாற்றுப் படுகையில் நாகநதி என்று ஒரு சிற்றாறு. அதுவும் வறண்டு கிடந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் சேர்ந்த கிராமத்துப் பெண்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். மழைநீர் பூமிக்குள் இறங்கும்படி ஆற்றில் உறைக் கிணறுகள் அமைத்தார்கள்; தடுப்பணைகள் கட்டினார்கள். வறண்ட கிணறுகளில் நீர் ஊறியது.

கோட்டைக்குக் கிழக்கே பாறை மலைகள். அவற்றின் உச்சியில் மூன்று சிறு கோட்டைகள் இருக்கின்றன. மொட்டைப் பாறை வெயிலில் காய்ந்து, ஊரையும் காய்ச்சுகிறது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். பாறையில் மரம் வளர்ப்பது கஷ்டம். அடிவாரத்திலும் தெருவோரத்திலும் வளர்ப்பது கஷ்டமா?

பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க

கோட்டையைப் பார்க்கக் காலை நேரமே நல்லது. வெயில் ஏறுமுன் மதிலையும் அகழியையும் பார்த்துவிட்டு, கோவிலுக்குள் போகலாம். பிறகு அருங்காட்சியகம். மாலையில் முத்து மண்டபம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு நாள் போதும்.

ஒரே ஒரு கோரிக்கை. சாப்பிட்ட இலையையும், பிளாஸ்டிக் பையையும் அகழியில் போடாதிருங்கள். கல்லில் பெயரைக் கீறாதிருங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் என்று 2010-ல் சட்டத்தைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். தண்டனைக்குப் பயந்து அல்ல. கல் பொறுத்த சிற்பிக்கு மரியாதையாகவாவது கையை அடக்கிக்கொள்ளலாம். தங்கள் பெயரை அந்தச் சிற்பிகள் எங்கேயும் கீறி வைக்கவில்லையே!

நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்த கருவறை ஒரே நாளில் நிறைந்தது. வறண்ட நாகநதிக் கரையில் பெண்கள் கை வைத்ததும் கிணறு ஊறியது. ‘இல்லை’ என்பது தலையெழுத்து அல்ல என்பதற்கு இந்த ஊரே சாட்சி. பாலாற்றில் தண்ணீரும் மலையடியில் மரமும் வந்துவிட்டால், அந்தப் பழைய சொலவடையை வேலூர்ப் பிள்ளைகள் வேறு விதமாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்த நாள் வரட்டும்!